பதினாறில் ஒன்று

அக்கா வீட்டு அடுக்களையில், சிமெண்டுத் தரையின் மேல், சாக்கட்டியால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். நெடுக்கே ஐந்து கோடு, குறுக்கே ஐந்து கோடு. மொத்தம் பதினாறு கட்டம்.

கிறிஸ்துமஸ் முடிந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. டின்னில் மிச்சமிருந்த முந்திரிக்கொத்தின் மணம் அடுக்களையை விட்டுப் போகவில்லை. அக்கா ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஏழாவது மாதம். கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடுவாள், நிறுத்துவாள், என் கட்டங்களைப் பார்ப்பாள், மறுபடி நறுக்குவாள்.

"எம்புட்டுக் கட்டம்டி போடுவ? தாயம் வெளாடவா போற?"

"செத்த நேரம் பொறுக்கா. உனக்குத்தான் போடுதேன்."

அரிசிப் பானைக்குப் பக்கத்தில், வெளிச்சம் எட்டாத மூலையில் லில்லி உட்கார்ந்திருந்தாள். அக்காவின் மூத்த பிள்ளை. இரண்டரை வயது. கத்தரிக்காய்க் காம்புகளை ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு வெகு அருகே கொண்டுபோய்ப் பார்த்து வரிசையாக அடுக்கினாள். அவள் தலைமுடி சோளக்கதிரின் நுனியில் தொங்கும் பட்டு நிறம். தோல் பால் வெள்ளை. கண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். நாங்கள் பேசிய எதுவும் அவள் காதில் விழவில்லை. எப்போதும் எதுவும் விழுந்ததில்லை.

அந்தப் பதினாறு கட்டத்தைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று பத்திரிகையில் இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து யோசித்துவருகிறேன். அக்கா இருந்திருந்தால் "எழுது, எனக்கென்ன" என்றுதான் சொல்லியிருப்பாள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

வெள்ளைப் பிள்ளை

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். நாங்கள் இரண்டே பெண்கள். மூத்தவள் பாக்கியம், இளையவள் நான், ஞானம்மாள். எட்டாம் வகுப்போடு அக்காவை நிறுத்தி, அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் மகனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. உரிமை வீட்டுக்குப் போனால் பெண் கண்கலங்க வேண்டாம் என்பது அம்மாவின் கணக்கு.

சாமுவேல் அத்தான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். அதிகம் பேசமாட்டார். எண்ணெய் படிந்த கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுவார். பிள்ளை வெள்ளையாகப் பிறந்ததைக் கண்டு வீடே வாயடைத்து நின்றபோது, "லில்லின்னு வச்சிருவோம்" என்று சொன்னவர் அவர்தான். வெயிலில் அவள் கண் கூசுகிறது என்று தெரிந்ததும் அகலமான விளிம்பு வைத்து ஓர் ஓலைத் தொப்பி முடைந்துகொண்டுவந்தார்.

தெருவில் அவளுக்கு வேறு பெயர். வெள்ளச்சி. அக்கா மசக்கையில் சாம்பலும் சுண்ணாம்பும் தின்றதால் வந்த வினை என்றார்கள். கிரகணத்தன்று வெளியே போனாள் என்றார்கள். ஒரு வயதாகியும் கூப்பிட்டால் திரும்பவில்லை என்று தெரிந்த பிறகு, கோயிலில் பக்கத்துப் பாயில் உட்கார்ந்த பெண்கள்கூட அக்காவை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள்.

அத்தானின் அம்மாவை, எங்கள் அத்தையை, கெட்டவள் என்று சொல்லமாட்டேன். மாமா போன பிறகு ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவள். ஆனால் அவள் நாக்கு சுடும்.

"எங்க வீட்ல இந்த மாதிரி ஒண்ணு கெடையாது. இவ கொண்டாந்த வரிச இது" என்பாள். அக்கா இரண்டாவது உண்டானதும் இன்னொன்றும் சொன்னாள். "இதுவும் அப்படிப் பொறந்தா, புள்ளைகளத் தூக்கிக்கிட்டு வில்லிபுத்தூருக்கே போயிரட்டும். எம்மவன் வாழ்க்கைய நான் பாக்கணும்."

அதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. முகம் கறுத்து, கை எலும்பு தெரிந்தது. "கெணத்தடிக்கு அவளத் தனியா விடாத" என்று அந்த லீவில் அம்மா என்னை அனுப்பிவைத்தபோது மெதுவாகச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் ராஜபாளையத்தில் போய் இறங்கினேன்.

பட்டாணி வளர்த்த பாதிரியார்

சென்னையில் பெண்கள் கல்லூரியில் நான் சேர்ந்த கதையைச் சில வாரங்களுக்கு முன் சொல்லியிருக்கிறேன். அங்கே இயற்கை விஞ்ஞானம் படித்தேன். எங்கள் லெக்சரர் அம்மா கனத்த கண்ணாடி போட்டவர். கரும்பலகையில் எழுதும்போதும் குடையைக் கையிலிருந்து விடமாட்டார்.

அவர் பட்டாணிக் கணக்கைச் சொல்லிக்கொடுத்த நாள் எனக்கு மறக்கவில்லை. வெகு காலத்துக்கு முன்னால் மேல்நாட்டில் ஒரு பாதிரியார் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி போட்டாராம். உருண்டைக்கும் சுருக்கத்துக்கும், மஞ்சளுக்கும் பச்சைக்கும் கணக்கு எழுதி வைத்தாராம்.

விஷயம் இவ்வளவுதான். ஒவ்வொரு குணத்துக்கும் நம்மிடம் இரண்டு சீட்டு இருக்கிறது. அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. சில சீட்டு ஓங்கியது, ஒன்று இருந்தாலே போதும், வெளியே தெரியும். சில சீட்டு ஒடுங்கியது, இரண்டும் அதுவாக இருந்தால் மட்டுமே தெரியும். ஒன்றே ஒன்று இருந்தால் மூச்சுக் காட்டாமல் உள்ளே கிடக்கும். சுமப்பவருக்கே தெரியாது. நிறத்துக்கு ஒரு ஜோடி, உருவத்துக்கு ஒரு ஜோடி என்று ஒவ்வொன்றும் தன் போக்கில் போகும். ஒன்றுக்கு ஒன்று காத்திருக்காது.

மற்ற பெண்கள் நோட்டில் பட்டாணி வரைந்துகொண்டிருந்தார்கள். எனக்கு லில்லியின் தலைமுடி கண்முன் வந்தது.

அந்தக் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்ததும் அம்மாவைக் கேட்டேன். அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"உனக்கு எதுக்கு அந்தக் கத?"

"சொல்லும்மா. உங்க வீட்டுல யாராச்சும் இருந்தாங்களா?"

வாசலைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். "எனக்கு முன்னால எங்கம்மைக்கு வெள்ளையா ஒரு புள்ள பொறந்து எட்டாம் நாளு போயிருச்சாம். எங்க சித்தப்பா ஒருத்தருக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. நல்லா வேல செய்வாவ. யார்கிட்டயும் சொல்லிராதட்டி."

அம்மாவும் மாமாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அம்மாவிடமிருந்து அக்காவுக்கு. மாமாவிடமிருந்து அத்தானுக்கு. அந்த ஒடுங்கிய சீட்டு இரண்டும் இரண்டு பக்கமாகப் பிரிந்து வந்து, ஒரே கல்யாணத்தில் மறுபடி சேர்ந்திருக்கின்றன.

அக்கா மட்டும் கொண்டுவந்த வரிசை அல்ல அது. அதைச் சொல்லத்தான் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்தேன்.

கட்டம் போட்ட மத்தியானம்

மேலே அக்கா கொடுக்கக்கூடிய நாலு விதம். பக்கத்தில் அத்தான் கொடுக்கக்கூடிய நாலு விதம். நிறத்துக்கு 'நி', காதுக்கு 'கா'; ஒவ்வொன்றும் ஓங்கியதாகவும் வரலாம், ஒடுங்கியதாகவும் வரலாம் என்பதால் நாலு. ஒடுங்கிய சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. குறுக்கும் நெடுக்கும் சேர்த்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன்.

முடித்ததும் எண்ணிக் காட்டினேன். ஒன்பது கட்டத்தில் நிறமும் உண்டு, காதும் உண்டு. மூன்று கட்டத்தில் வெள்ளை, ஆனால் காது கேட்கும். மூன்று கட்டத்தில் நிறம் உண்டு, காது கேட்காது. கடைசி மூலையில் ஒரே ஒரு கட்டம், நாலு எழுத்துக்கும் புள்ளி. வெள்ளை, காதும் இல்லை.

"இதுதாங்க்கா நம்ம லில்லி."

அக்கா கத்தரிக்காயை வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குனிந்தாள். அந்தக் கட்டத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டாள்.

"பதினாறுல ஒண்ணே ஒண்ணா?"

"ஆமா."

"அப்ப அந்த ஒண்ணுதான் வந்துட்டே. இனிமே மத்ததுதானே வரணும்?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் கண் மற்ற கட்டங்களுக்குப் போய்விட்டது. "இந்த மூணும் மூணும்?"

எனக்கு இருபது வயது. கிணற்றடியைப் பற்றி அம்மா சொன்னது காதிலேயே இருந்தது. நான் புடவைத் தலைப்பை அந்த ஆறு கட்டத்தின் மேல் விழும்படி தள்ளி உட்கார்ந்தேன்.

"ஒம்பது நல்ல கட்டம் இருக்குல்லக்கா. அதப் பாரு."

"வராதுன்னு சொல்லு ஞானம்."

"வராதுக்கா."

அந்த நேரம் அத்தை உள்ளே வந்தாள். கட்டங்களைப் பார்த்ததும் என்ன சூனியமோ என்று தாண்டாமல் நின்றுவிட்டாள். அவளுக்கும் சொன்னேன். இரண்டு பக்கமும் இருந்தால்தான் இப்படிப் பிறக்கும் என்று சொன்னபோது முகம் சிவந்தது.

"ஏட்டி, எங்க வீட்டுக்காரவிய வம்சத்தையா சொல்லுத?"

"மாமாவுக்கும் எங்கம்மாவுக்கும் ஒரே வம்சந்தான அத்தை."

அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னாள். "நான் கல்யாணமாகி வந்தப்ப அந்தச் சின்ன மாமா இருந்தாவ. காது கேக்காது. எனக்குத் தண்ணி எறச்சுக் குடுப்பாவ. பாவம், நல்ல மனுசர்."

அன்றைக்குப் பிறகு 'வில்லிபுத்தூருக்குப் போயிரட்டும்' என்ற பேச்சு அத்தை வாயில் வரவில்லை. நான் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி செய்த நன்மை அது.

மத்தியானம் சாப்பாடானதும் அக்கா லில்லியை அணைத்துக்கொண்டு தூங்கினாள். அத்தான் வேலை முடிந்து வந்து, ஆச்சரியப்பட்டு, சத்தம் வராமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். காது கேட்பவள் ஒருத்தி தூங்குகிறாள் என்பதற்காக அந்த வீட்டில் யாரோ மெதுவாக நடந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சிவப்பு மை

கல்லூரிக்குத் திரும்பி ஒரு மாதத்தில் வகுப்பில் ஒரு பரீட்சை. ஐந்தாவது கேள்வி பெருச்சாளி மாதிரி இருக்கும் சீமை எலிகளைப் பற்றியது. தாய், தகப்பன் இரண்டும் கறுப்பு, குட்டை முடி. இரண்டுக்குள்ளும் ஒடுங்கிக் கிடப்பது வெள்ளை, நீள முடி. முதல் குட்டி வெள்ளையாக நீள முடியோடு பிறந்தால், அடுத்த குட்டியும் அப்படியே பிறக்க எவ்வளவு வாய்ப்பு?

நான் யோசிக்கவே இல்லை. பதினாறில் ஒன்று ஏற்கெனவே வந்துவிட்டது, ஆகவே வாய்ப்பில்லை என்று எழுதிவிட்டேன்.

தாள் திரும்பி வந்தபோது அந்தப் பதிலின் மேல் குறுக்காகச் சிவப்பு மை. லெக்சரர் அம்மா என்னைக் கூப்பிட்டு, குடையின் நுனியால் அந்த இடத்தைத் தொட்டார்.

"முதல் குட்டி எப்படிப் பிறந்ததுன்னு ரெண்டாவது குட்டிகிட்ட யாரம்மா போய்ச் சொல்றது? ஒவ்வொரு பிரசவமும் புதுசு. ஒவ்வொரு தடவையும் பதினாறில் ஒன்றுதான்."

தாயம் உருட்டியவர்களுக்குப் படிக்காமலே தெரிந்த விஷயம். போன ஆட்டத்தில் தாயம் விழுந்தது என்பதற்காக இந்த ஆட்டத்தில் புளியங்கொட்டை வெட்கப்பட்டுக் கவிழ்ந்து விழுமா? இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த ஆறு கட்டத்தை மறைத்தது வேறு. அது தெரிந்தே செய்தது.

அறைக்குப் போய்க் கடிதம் எழுதினேன். "அக்கா, நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். நாலு வரிக்கு மேல் போகவில்லை. அவள் லில்லியை அணைத்துத் தூங்கிய முகம் வந்து நின்றது. கிழித்துப்போட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடி எழுதினேன். அதையும் கிழித்தேன்.

மார்ச்சு மாதத்தில் அத்தானிடமிருந்து கார்டு வந்தது. அவர் எழுதிய கடிதங்களிலேயே நீளமானது அதுதான். 'ஆண் குழந்தை. தாயும் சேயும் சுகம். நல்ல மாநிறம். தலை நிறையக் கறுப்பு முடி. அம்மா சந்தோஷப்படுகிறார்கள்.'

விடுதி வராந்தாவில் நின்றபடி அந்தக் கார்டைப் பத்து தரம் படித்திருப்பேன். கறுப்பு முடி என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் அழுகை வந்தது. கிழித்துப்போட்ட கடிதங்களுக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். அந்த ஜெபத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆசீர்வாதம்

பிள்ளைக்கு அத்தையே பெயர் வைத்தாள். ஆசீர்வாதம்.

கோடை லீவில் நான் போனபோது அவனை இடுப்பை விட்டு இறக்காமல் தெரு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் உள்ளங்காலைப் பிரித்து, "பாருங்க, எங்க வீட்டுக்காரவிய நெறம்" என்பாள். என்னைக் கண்டதும், "படிச்ச புள்ள சொன்னா சொன்னதுதான்" என்று கன்னத்தைத் தடவினாள். நான் சிரித்தேன்.

அக்கா வீட்டுக்குப் பக்கத்து வளவில் தெலுங்கு பேசும் குடும்பம் ஒன்று இருந்தது. நாய் வளர்ப்பவர்கள். உயரமான, ஒல்லியான, வெள்ளை வெளேரென்ற நாய்கள். அந்த வீட்டு அம்மா ஆசீர்வாதத்தைப் பார்க்க வந்தாள். "எங்க வெள்ளக் குட்டிங்கள்ல ஒண்ணு ரெண்டுக்குக் காது இருக்காதும்மா. நெறம் இருக்கறது நல்லாக் கேக்கும். உங்க பையனுக்குப் பரவால்ல" என்றாள்.

நல்ல மனதோடு சொன்னாள். லில்லி அங்கேயே உட்கார்ந்திருந்தாள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

தெரு முழுக்க அதே எண்ணம்தான். வெள்ளை போனால் செவிடும் போயிற்று. நாய்க்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் அம்மா பிறந்த வீட்டில் எட்டு நாளில் போன வெள்ளைப் பிள்ளை ஒன்று, காது கேளாத சின்னத் தாத்தா ஒருவர் என்று இரண்டும் வேறு வேறு ஆட்களிடம் இருந்ததை அம்மா வாயால் கேட்டவள் நான். தரையில் 'நி'யும் 'கா'வும் தனித்தனியாக எழுதியவள் நான். நிறம் கண்ணுக்குத் தெரியும், காது தெரியாது என்று அந்த வீட்டில் என் ஒருத்திக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும்.

எனக்கும் தோன்றவில்லை. தோன்றக் கூடாது என்று மனம் எங்கேயோ கதவைச் சாத்திக்கொண்டதோ என்னவோ. இரண்டு மாதம் அந்தப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தேன். ஒரு தடவைகூட அவன் முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்க்கவில்லை.

மில் சங்கு

அடுத்த கிறிஸ்துமஸ் லீவு. ஆசீர்வாதத்துக்கு ஒன்பது மாதம். கூடத்தில் அவனை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். என் கண்ணாடி வளையலைக் கவ்வி எச்சில் ஒழுகக் கடித்துக்கொண்டிருந்தான்.

மில்லில் மத்தியான சங்கு ஊதியது. அந்த வீட்டுக்கு மில் வெகு பக்கம். சங்கு ஊதினால் ஓட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் காக்கைகள் ஒன்றாகக் கிளம்பும். புதிதாக வந்தவர்கள் திடுக்கிடுவார்கள். நான் திடுக்கிட்டேன்.

ஆசீர்வாதம் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

சங்கு நிற்கும்வரை அவன் முகத்தையே பார்த்தேன். இமைகூட அசையவில்லை. அவனைப் பாயில் உட்காரவைத்து, பின்னால் போய் கை தட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தேன்.

"போடாதட்டி" என்றாள் அக்கா. வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. "அவனுக்குத் தெரியாது."

தாம்பாளம் என் கையிலேயே இருந்தது.

"எப்பமிருந்துக்கா?"

"நாலாம் மாசத்துலருந்து. அவிய அப்பாவுக்கும் தெரியும். அத்தைக்கு இனிமேத்தான் சொல்லணும்."

"எனக்கு ஏன் எழுதல?"

"ஒனக்குப் பெரிய பரீட்ச வருதே. எழுதி என்ன செய்ய? அழுவ."

நான் அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு கட்டத்தை மறைத்தது. சிவப்பு மை. கிழித்த கடிதங்கள். அவள் என் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நீ வராதுன்னு சொன்ன பொறவுதான் நான் தூங்குனேன். அந்த மூணு மாசமும் நல்லாத் தூங்குனேன். அது இல்லன்னா நான் என்ன செஞ்சிருப்பேனோ. அதுக்காக ஒன்ன ஒண்ணும் சொல்லமாட்டேன்."

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகுதான் மற்றதைச் சொன்னாள்.

"ஆனா இவன் பொறந்த பொறவு, கையத் தட்டிப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே ஞானம். நீதான் சொல்லிட்டியேன்னு இருந்துட்டேன். நாலு மாசமா அவங்கூடப் பேசிக்கிட்டே இருந்தேன்டி. லில்லிகிட்டப் பேச முடியாததையெல்லாம் இவங்கிட்டப் பேசினேன்."

அவள் குரல் உயரவில்லை. கோபமும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வராமல் இருந்த வருஷங்கள்

பரீட்சை எழுதித் தேறினேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ராஜபாளையத்துக்கு ரயில் ஏறினால் அரை மணி நேரம். நான் போகவில்லை.

காரணங்களுக்குப் பஞ்சமில்லை. நோட்டுத் திருத்த வேண்டும் என்பேன். சண்டைக்காலம், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ் பாதி வழியில் வன்னியம்பட்டியிலேயே நின்றுவிடுகிறது என்பேன். அக்கா பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தால் எனக்குப் பள்ளி விடுதியில் அவசர வேலை வந்துவிடும். மூன்றரை வருஷம் இப்படிப் போயிற்று. கணக்குத் தப்பியது ஒரு தப்பு. இதுதான் பெரிய தப்பு.

அம்மா வழியாகச் செய்தி வரும். அத்தைக்கு விஷயம் தெரிந்ததும் கொஞ்ச நாள் யாரோடும் பேசாமல், கோயிலுக்கும் போகாமல் கிடந்தாளாம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டுபோய் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்தாளாம். யாரும் திரும்பிப் பார்க்கத் துணியவில்லையாம். மூன்றாவது வேண்டாம் என்று அக்காவும் அத்தானும் முடிவு செய்துவிட்டார்கள் என்றும் அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். ஒன்பது நல்ல கட்டமும் அப்படியே இருந்தன.

பிளாட்பாரம்

ஒரு ஜூன் மாத ஆரம்பத்தில் அக்காவின் கையெழுத்தில் கடிதம் வந்தது. எட்டாம் வகுப்பு எழுத்து, பெரிது பெரிதாக. 'லில்லிக்கு ஏழு வயதாகிறது. பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதாம். சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். மில்லில் அத்தானுக்கு லீவு இல்லை. என்னால் சின்னவனை விட்டு வர முடியாது. நீ கூட்டிப்போவாயா? உன்னைத் தவிர யாரை நம்பி அனுப்புவேன்.'

கடைசி வரியைப் படித்துவிட்டு அன்றைக்கே கிளம்பினேன்.

லில்லிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கிட்டே வந்து என் கையை முகர்ந்தாள். அக்கா அவள் தோளைத் தொட்டு, தன் நெஞ்சையும் என் நெஞ்சையும் காட்டி, இரண்டு விரலைப் பிணைத்துக் காட்டினாள். கூடப்பிறந்தவள் என்று அர்த்தம் போலிருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்த வீட்டில் ஒரு பாஷை வளர்ந்திருந்தது. ஆசீர்வாதம் தூண் பக்கம் நின்று கையை அசைத்து என்னவோ கேட்டான். லில்லி அவனுக்கு அருகில் போய், அவன் விரல்களை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, பதில் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். நான் இல்லாத மூன்றரை வருஷத்தில் நடந்தது இது.

மறுநாள் காலை ரயில். தென்காசி வழியாகத் திருநெல்வேலி போக வேண்டும். அக்கா லில்லியின் தலையில் எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு, தொப்பியை மாட்டி, ரயில் பெட்டியில் என் பக்கத்தில் உட்காரவைத்தாள். தான் எங்கே போகிறோம் என்று அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அக்கா இறங்கிப் பிளாட்பாரத்தில் நின்றாள். இடுப்பில் ஆசீர்வாதம்.

வண்டி நகர்ந்தது. லில்லியின் முகம் வேறெங்கோ திரும்பியிருந்தது. இரண்டு முழத்துக்கு அப்பால் அவளுக்கு எல்லாமே வெளிச்சம்தான். அம்மா அதற்குள் அந்த வெளிச்சத்துக்குள் போய்விட்டாள்.

அக்கா வண்டியோடு நடந்தாள். பிறகு ஓடினாள். வாய் திறந்து திறந்து மூடியது. இன்ஜின் சத்தத்தில் முதலில் எனக்கு விளங்கவில்லை. பிள்ளையின் பெயரைத்தான் சொல்லி அழுகிறாள் என்று நினைத்தேன்.

அவள் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டியில் அவளுக்கு இருந்த காது நான் ஒருத்திதான்.

"ஞானம்! ஞானம்!"

"என்னக்கா?" என்று தலையை வெளியே நீட்டிக் கத்தினேன்.

"அவள சன்னலோரம் வைக்காதட்டி! வெயிலு! கண்ணு கூசும்!"

நான் லில்லியைத் தூக்கி உள்பக்கம் உட்காரவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது பிளாட்பாரம் முடிந்துபோயிருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் சோளக்காடும் மலையும்தான் தெரிந்தன.

லில்லி என் உள்ளங்கையை இரண்டு விரலால் கிள்ளினாள். பயந்தால் அப்படிக் கிள்ளுவாள் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் கையை எடுத்து என் நெஞ்சின் மேல் வைத்து, என் கையால் மூடிக்கொண்டேன். தென்காசி வரும்வரை எடுக்கவில்லை.